பலத்த காற்றில் வாலாட்டும் டிரெய்லர்: கொக்கியை மாற்றுவதா, பயணத்தை ஒத்திப்போடுவதா?

கொலராடோக்காரன்:
டென்வரிலிருந்து யெல்லோஸ்டோனுக்குப் பிக்கப் வண்டியில் 25 அடி தங்கும் டிரெய்லரை இழுத்துச் சென்றபோது, வயோமிங்கில் லேரமியைத் தாண்டி ஆர்லிங்டன் அருகே நடந்ததைச் சொல்கிறேன். இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் மேற்கே போய்க்கொண்டிருந்தேன். பெரிய லாரி ஒன்று இடப்புறமாக என்னைக் கடந்தது. அதன் மறைவு விலகிய நொடியில் காற்று அறைந்தது. டிரெய்லரின் பின்மூலை வலப்பக்கம் போய், இடப்பக்கம் திரும்பி, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அகலமாக வீசியதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பத் திருப்ப ஆட்டம் கூடியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் 50க்குக் கீழே இறங்கிய பிறகே அடங்கியது. இப்போது என்னிடம் இருப்பது, இணைப்பில் உராய்ந்து ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வுத் தண்டு ஒன்றுதான். டிரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் நல்ல கொக்கிக்குச் சில ஆயிரம் டாலர் செலவழித்தால் இந்தத் தொல்லை தீருமா?

ஏழாம்சக்கரம்:
தீரும் என்பதே என் அனுபவம். உராய்வுத் தண்டு ஆட்டம் தொடங்கிய பின்னர் அதைத் தேய்த்துக் குறைக்கப் பார்க்கிறதே ஒழிய, தொடங்கவிடாமல் தடுப்பதில்லை. சாதாரண இணைப்பில், டிரெய்லரின் முனை உட்காரும் உலோகப் பந்து பிக்கப்பின் பின் அச்சுக்குச் சில அடி பின்னால் இருப்பதால், டிரெய்லரின் முனை பக்கவாட்டில் தள்ளும்போது அந்த இடைவெளியே நெம்புகோலாகிப் பிக்கப்பின் வாலைத் திருப்பிவிடுகிறது. திரும்பும் புள்ளியைப் பின் அச்சின் அருகே கொண்டுவரும் இணைப்புத்தண்டுக் கொக்கியில் அந்த நெம்புகோல் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. நான் பல ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பழைய ஓட்டுநர்:
நண்பர் ஏழாம்சக்கரம் இரண்டு வெவ்வேறு சிக்கல்களை ஒன்றாக்குகிறார். வாலாட்டம் என்பது தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் ஊசலாட்டம். அதைக் கொக்கி அடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று வண்டியை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளும் விசையில் எந்தக் கொக்கியும் ஒரு பவுண்டைக்கூடக் குறைக்காது. 25 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள பக்கச்சுவர் 200 சதுர அடி. மணிக்கு 60 மைல் காற்று அதில் நேராக விழுந்தால் ஏறத்தாழ 1,840 பவுண்டு விசை. காற்றின் வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிறது, அதாவது 460 பவுண்டு. ஆகவே கொக்கியை மாற்றுவதைவிட, காற்று தணியும்வரை லேரமியில் ஒரு தேநீர் குடித்துக் காத்திருப்பதில் பலன் அதிகம்.

கேட்டவரிடம் இன்னொன்று: கொக்கியின் மேல் இறங்கும் எடையை, அதாவது டங் வெயிட்டை, எப்போதாவது அளந்ததுண்டா?

ஏழாம்சக்கரம்:
ஐயா சொன்ன கணக்கு கடல்மட்டத்துக் கணக்கு. லேரமி 7,000 அடிக்கு மேல் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசையும் 1,500 பவுண்டுக்கு அருகில்தான் வரும். அதுவும் சிறிய எண் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பகுதியில் காற்று என்று நிற்கும் என்று காத்திருந்தால் விடுமுறை முடிந்துவிடும்.

பழைய ஓட்டுநர்:
திருத்தத்துக்கு நன்றி, அது சரிதான். இருந்தாலும் லேரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே நெடுஞ்சாலை வடமேற்காக ஏறுகிறது, காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. விலாவில் அறை வாங்காமல் அங்கே போக முடியாது. எடை குறைந்த உயரமான வாகனங்களுக்கு மட்டும் சாலையை மூடிவிட்டு மற்றவற்றை அனுமதிக்கும் வழக்கம் வயோமிங் போக்குவரத்துத் துறைக்கு உண்டு. நம் டிரெய்லர்கள் அந்த அறிவிப்புக்குள் வருபவைதான், பிக்கப் எத்தனை பெரிதாக இருந்தாலும்.

மண்சாலை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆட்டம் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுத்தால் டிரெய்லர் நேராகிவிடும் என்று என் மைத்துனர் சொல்வார்; அவருக்கு ஒரு முறை பலித்ததாம்.

பழைய ஓட்டுநர்:
ஒரு முறை பலிக்கும். இழுவிசை ஒரு கணம் நேராக்கும், ஆனால் வேகம் கூடக்கூட ஆட்டம் தானாக அடங்கும் தன்மை குறைகிறது. காலை எடுக்கும்போது முன்பைவிட மோசமான இடத்தில் நிற்பீர்கள். பிக்கப்பின் பிரேக்கை அழுத்துவதும் தவறு, ஏனெனில் முன்வண்டி மெதுவாகும்போது பின்வண்டி அதை முட்டித்தள்ளிக் கத்தரிபோல் மடங்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து, ஓட்டுநர் அருகே உள்ள, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் நெம்பைக் கையால் நகர்த்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து இழுபடும் வண்டி நேராகும்.

ஏழாம்சக்கரம்:
இதில் எனக்கும் ஐயாவுக்கும் வேறுபாடு இல்லை. அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகுமளவுக்கு, காலியான மைதானத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

கொலராடோக்காரன்:
வார இறுதியில் அளந்துவிட்டேன். டிரெய்லரின் மொத்த எடை 5,600 பவுண்டு, டங் வெயிட் 450 பவுண்டு, எட்டு விழுக்காடுதான்.

பழைய ஓட்டுநர்:
பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை இருக்க வேண்டியது. பின்பக்கம் என்ன ஏற்றியிருந்தீர்கள்?

கொலராடோக்காரன்:
பின் பம்பரில் தாங்கியோடு சேர்த்து 120 பவுண்டுக்கு இரண்டு மின்சார சைக்கிள்கள். 40 கேலன் குடிநீர்த் தொட்டி நிறைய இருந்தது. அது அச்சுக்குப் பின்னால் இருப்பதைப் படுத்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன். நீர் மட்டும் 330 பவுண்டுக்கு மேல். தாங்கியைக் கழற்றி, சைக்கிள்களைப் பிக்கப்பில் ஏற்றி, தொட்டியைக் காலி செய்து மீண்டும் அளந்தேன்: மொத்தம் 5,150, டங் வெயிட் 615. நேற்று 55 மைல் வேகத்தில் ஓட்டினேன். லாரிகள் கடந்தபோது பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்தே சற்று விலகின, வால் ஆடவில்லை.

ஏழாம்சக்கரம்:
மகிழ்ச்சி. நேற்று காற்று எத்தனை மைல்?

கொலராடோக்காரன்:
பதினைந்துக்கு மேல் இல்லை. கொக்கிக்கான பணத்தை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.