'பாஸ்தோன் தே மாந்தோ'வைச் செங்கோல் என்று எழுதலாமா?

கேள்வி:
வணக்கம். 2024 அக்டோபர் 1 அன்று கிளாடியா ஷீன்பாம் மெக்சிகோ அதிபரான செய்தியை ஸ்பானிஷிலிருந்து தமிழாக்குகிறேன். தலைநகரின் சோக்காலோ சதுக்கத்தில் பழங்குடிப் பெண்கள் அவரிடம் 'பாஸ்தோன் தே மாந்தோ'வை ஒப்படைத்தார்களாம். பாஸ்தோன் கைத்தடி, சரி. 'மாந்தோ'வுக்கு அகராதியில் அதிகாரம், தலைமை என்பதோடு டிவி ரிமோட் என்றும் இருக்கிறது! செங்கோல் என்று போட்டுவிடவா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். செங்கோல் என்றதும் வாசகர் மணிமுடியைத் தேடுவார். இது வேறு வகைக் கோல். வஹாகா மாநிலத்துப் பழங்குடி ஊர்கள் பலவற்றில், ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்தவர் கைக்குப் புத்தாண்டை ஒட்டி அது வரும். வண்ண நாடாக்கள் கட்டிய மரக்கோல். வாங்குபவர் வாலிபத்தில் 'தோப்பில்' என்ற ஊர்க்காவல் வேலையில் தொடங்கி, படிப்படியாக ஏறி வந்தவராக இருப்பார். பல ஊர்களில் இதற்குச் சம்பளம் கிடையாது. சொந்த வயலைப் போட்டுவிட்டு ஊர் வேலை பார்க்க வேண்டும். இதில் ராஜ தோரணை எங்கே? நானாக இருந்தால் 'தலைமைக்கோல்' என்பேன்.

ரிமோட் என்பது ஸ்பெயின் நாட்டு வழக்கு. மெக்சிகோவில் அதைக் 'கொன்த்ரோல்' என்பார்கள். ராணுவத்தில் 'ஆல்தோ மாந்தோ' என்றால் உயர் தலைமை. ஆனால் 'தே மாந்தோ உன் மென்சாஹே' என்று வந்தால் அதிகாரத்தைத் தேடாதீர்கள்; 'உனக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன்', அவ்வளவுதான். 'மந்தார்' என்ற வினைக்கு ஏவுவது, அனுப்புவது இரண்டும் பொருள். அரசு அதிகாரிகளைக் குறிக்க 'அவுத்தோரிதாதெஸ்' என்ற தனிச்சொல் இருக்கிறது.

பதில் 2:
மெக்சிகோவில் ஒருவர் சொன்னது காதில் விழாவிட்டால் 'மாந்தே?' என்று கேட்பார்கள்; அதே 'மந்தார்' வினைதான், நேர்ப்பொருள் 'ஆணையிடுங்கள்'. வெறுமனே 'கே?' (என்ன?) என்று கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழும். காலனிக் காலத்து அடிமைப் புத்தி என்று இதைச் சாடுபவர்களும் உண்டு. எனக்கு அது வெறும் பணிவாகவே படுகிறது. அதே வினைதான் 1994-இல் சியாபாஸ் மாநிலத்தில் கிளர்ந்தெழுந்த சபதிஸ்தா என்ற பழங்குடிக் கிளர்ச்சியாளர்களின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது: இங்கே ஆணையிடுவது மக்கள், கீழ்ப்படிவது அரசு.

பதில் 3:
முதல் பதிலுக்கு ஒரு இடைச்செருகல். பழங்குடி ஊர்த் தலைவர்கள் கையில் 'வாரா' என்ற நீதிக்கோலைக் கொடுத்ததில் ஸ்பானிய ஆட்சிக்கும் பங்கு உண்டு. பெரு நாட்டு மலையூர்த் தலைவருக்கு 'வாராயோக்' என்றே பெயர், அதாவது கோலுடையவர். முழுக்கப் பூர்வகுடிச் சின்னம் என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. தலைமைக்கோல் என்றே அனுப்புகிறேன். எங்கள் ஆசிரியருக்குச் செங்கோல் மீது தனி மோகம், மல்லுக்கட்டிப் பார்க்கிறேன்.