பொருள்: 'ரொட்டேஷன்': சுழற்சியா, வட்டணையா, முறைவைப்பா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். இணைய வானொலி நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் திரைச்சொற்களை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். 'பிளேலிஸ்ட்' பாடல்பட்டியல் ஆகிவிட்டது. பாடல்கள் மாறிமாறித் திரும்ப வரும் ஒழுங்கைக் குறிக்கும் 'ரொட்டேஷன்' வந்ததும் நின்றுவிட்டேன். சுழற்சி என்றால், ஒரு மணி நேரத்தைப் பாட்டுக்கும் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் பங்கிட்டுக் காட்டும் 'கிளாக்' என்ற வட்டப்படத்தோடு குழம்புகிறது. வழி சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
சுழல் தன்வினை, சுழற்று பிறவினை. சுழல் என்பதோடு 'சி' சேர்ந்தே சுழற்சி. பாடல் தானாகவா சுழல்கிறது? நிலையத்தார் சுழற்றுகிறார்கள். ஆகவே 'சுழற்றுகை'. இசைத்துறைச் சொல்லே வேண்டுமென்றால் 'வட்டணை' இருக்கிறது. தாளம் ஒரு சுற்று முடித்து எடுத்த இடத்துக்கு வருவதைத் தமிழிசையார் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இசை ஆர்வலர்:
ஐயா, வட்டணை எத்தனை பேருக்குப் புரியும்? 'ஆவர்த்தனம்' என்றால் பாட்டு கற்கும் பிள்ளைக்கும் தெரியும். வடசொல் என்பீர்கள். தொல்காப்பியர் வடவெழுத்தைத்தான் ஒதுக்கச் சொன்னார். ஆவர்த்தனத்தில் வடவெழுத்து எங்கே இருக்கிறது?

தமிழாசிரியர்:
நூற்பா இடங்கொடுக்கிறது, மறுக்கவில்லை. வீட்டில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு என்பதே என் கேள்வி. புழங்கப் புழங்கத்தான் எந்தச் சொல்லும் புரியும். 'பேருந்து' அப்படி வந்ததுதானே?

வானொலிப் பொறுப்பாளர்:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நிலையத்தில் நடப்பதைச் சொல்கிறேன், பிறகு சொல்லைத் தேடலாம். பாடல்களைப் புதியவை, சற்றே பழகியவை, பழையவை என வகை பிரிக்கிறோம். எந்த வகை எப்போது வரும் என்பதைக் கிளாக் சொல்லும். அந்த வகைக்குள் அடுத்து எந்தப் பாட்டு என்பதைச் சொல்வது ரொட்டேஷன். புதியவற்றில் 12 பாடல், மணிக்கு 4 என்று வையுங்கள். மூன்று மணிக்கொரு தடவை அதே பாட்டு வரும். 24 மூன்றால் மீதியின்றி வகுபடுவதால், தினமும் காலை எட்டு மணிக்குக் கேட்பவர் அதே நான்கையே கேட்பார். ஒரு பாட்டைக் கூட்டி 13 ஆக்கினால் மூன்றேகால் மணி ஆகிறது, நாளுக்கு நாள் நேரம் நகர்ந்துவிடுகிறது. ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் தடுக்கும் விதி தனி. இதில் வட்டம் எங்கே இருக்கிறது? 'அடுத்தது யார் முறை' என்பதே கேள்வி. வாய்க்கால் நீரை முறைவைத்து விடுவதுபோல. ஆகவே 'முறை'.

தமிழாசிரியர்:
அருமை. முறை, முறுக்கு, முறி எல்லாம் வளைதல் பொருளில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். அப்படியானால் முறைக்குள்ளும் வட்டம் இருக்கிறது! 'முறம்' இதில் சேருமா என்று தனி இழையில் எழுதுகிறேன்.

மென்பொருள் சோதிப்பவர்:
திரையில் 'முறை: 3' என்று வந்தால் மூன்று தடவையா, மூன்றாம் வழிமுறையா? அந்தச் சொல் ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிறது. பொத்தானில் இடமும் குறைவு. சுழற்சியே போதும். பயிர்ச்சுழற்சி என்கிறோம், யாரும் நிலம் சுற்றுகிறது என்று எண்ணுவதில்லை.

வானொலிப் பொறுப்பாளர்:
'முறைவைப்பு' என்றால் அந்தக் குழப்பம் இல்லையே.

மொழிபெயர்ப்பாளர்:
நேற்றிரவு வரை ஆறு பேர் சுழற்சி, மூவர் முறைவைப்பு, வட்டணைக்கும் ஆவர்த்தனத்துக்கும் ஒவ்வொருவர். சுழற்சி என்றே கோப்பை அனுப்புகிறேன். குழப்பம் தீர, கிளாக்கை 'மணிநேரச் சட்டகம்' ஆக்கிவிட்டேன். முழு நிறைவு இல்லை, நாளும் இல்லை. அனைவருக்கும் நன்றி.

வானொலிப் பொறுப்பாளர்:
ஏற்கிறேன். உதவிப் பக்கத்திலாவது முறைவைப்பைச் சேருங்கள். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்களுக்கு அந்தச் சொல்லை வைத்துத்தான் விளக்குகிறேன்.

தமிழாசிரியர்:
சுழற்றுகைக்கு என் வாக்கு அப்படியே இருக்கட்டும். எண்ணிக்கையில் அது விடுபட்டிருக்கிறது.