சிறார் புத்தகம் விற்றவர்கள், வாங்கியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பழையபுத்தகம்:
ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் நண்பரின் ஸ்டாலைப் பார்த்துக்கொள்ள நாலு நாள் உட்கார்ந்தேன். முழுக்கச் சிறார் நூல்கள். வந்த பெரியவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது, "இதுல என்ன நீதி இருக்கு?" அடுத்தது, "16 பக்கத்துக்கு 60 ரூபாயா?" 10 சதவீதக் கழிவு போக 54 என்று சொன்னாலும் முகம் மாறாது.

ஜூனில் சிறார் நூலுக்கான சாகித்ய அகாதெமி விருதான பால சாகித்ய புரஸ்கார் அறிவித்திருந்தார்கள் அல்லவா, விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வைக் கேட்டும் ஆட்கள் வந்தார்கள். அதில் குழந்தையைக் கூட்டி வந்தவர்கள் குறைவு.

இரண்டாம் நாள் ஏழு வயது இருக்கும் ஒரு பாப்பா, யானைக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் சம்மணம் போட்டுவிட்டாள். வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டினாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். அவள் அம்மா வந்து, "அதான் படிச்சு முடிச்சிட்டியே, இன்னும் எதுக்கு?" என்று வாங்கி அடுக்கில் வைத்தார். பக்கத்து ஸ்டாலில் கையெழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விற்கிறவன் சொன்னால் வியாபாரம் ஆகிவிடும்.

மறுநாள் ஒரு பையன் உண்டியலோடு வந்தான். அப்பா வெளியே போனில். 183 ரூபாய், பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். நான் எண்ணி முடிப்பதற்குள் பேய்க்கதையாகப் பார்த்து மூன்று எடுத்துவிட்டான். நீதி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை!

மைக்கூடு:
அச்சகத்தில் இருக்கிறேன். அந்த 60 ரூபாய்க்கு ஒரு கணக்கு உண்டு. நாவல் என்றால் இப்போது பி.ஓ.டி.யில், அதாவது தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக டிஜிட்டலில் அச்சடிக்கும் முறையில், 50 பிரதி அடிக்கலாம், தீர்ந்தால் இன்னொரு 50. கறுப்பு வெள்ளை என்பதால் கட்டுப்படியாகும். படப் புத்தகத்துக்கு அது சரிவராது. டிஜிட்டலில் கலர் என்றால் பக்கத்துக்குப் பக்கம் காசு. அச்சுத் தகடு (பிளேட்) செய்து அடிக்கும் ஆஃப்செட்டுக்குப் போனால் நாலு கலருக்கு நாலு பிளேட். 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். அதனால் 1000 அடித்தால்தான் பிரதி விலை இறங்கும். அந்த ஆயிரத்தை எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாளர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. நூலக ஆர்டர் வரும் என்று காத்திருந்ததில் கரையான்தான் முந்திக்கொண்டது. படம் வரைந்தவருக்குப் பாதிப் பணம் இன்னும் பாக்கி என்று கேள்வி. கடைசியாகக் காசு கைக்கு வருவது எப்போதும் ஓவியருக்குத்தான்.

கரும்பலகை:
அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதும் 'பற'தான் எடுப்பான். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான், பக்கம் மட்டும் திரும்பாது. எழுத்துக் கூட்டவே வராது என்பது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் ஒருநாள் 'நுழை' புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு நீதான் வாசிச்சுக் காட்டணும், தயார் பண்ணிட்டு வா" என்றேன். வீட்டுக்குக் கொண்டு போனான். மறுநாள் வாசிக்கும்போது 'ஞ'வில் நின்றுவிட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த வாண்டு ஒன்று சத்தமாக எடுத்துக் கொடுத்தது. எனக்குப் பக்கென்றது. அவனோ சிரித்துவிட்டு மேலே போனான். அந்தப் புத்தகத்தில் ஸ்டேப்ளர் பின் கழன்று, இப்போது நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறோம்.

பழையபுத்தகம்:
டீச்சர், அந்தப் பையன் இப்போ?

கரும்பலகை:
'நட'யில் இருக்கிறான். சனிக்கிழமை வாசிப்புக்கு ஒண்ணாம் வகுப்பே அவனைத் தேடுகிறது.