மெக்சிகோ புவேப்லா: காலையில் போய் ராத்திரி திரும்பலாமா, தங்கணுமா?

ஊர்சுத்தி_செந்தில்:
வணக்கம். நவம்பர்ல ஆபீஸ் வேலையா மெக்சிகோ சிட்டி போறேன். வேலை முடிஞ்சதும் சனி, ஞாயிறு, திங்கள் கையில் இருக்கு. கூட அம்மா வர்றாங்க. 64 வயசு, முழங்கால் வலி, சுத்த சைவம், முட்டையும் ஆகாது. ஸ்பானியர் காலத்து ஊர் ஒண்ணாவது பார்க்கணும்னு ஆசை. புவேப்லா கிட்டத்துல இருக்குன்னு சொல்றாங்க. ஒரே நாள்ல முடிச்சுடலாமா? சர்ச் தவிர வேற என்ன இருக்கு?

வெள்ளிச்சுரங்கம்:
என் ஓட்டு குவானஹுவாத்தோவுக்கு. வெள்ளி எடுத்த பணத்துல மலைச்சந்துகளுக்குள்ள கட்டின ஊர். 1810ல சுதந்திரப் போர் தொடங்கினதும் முதல் பெரிய சண்டை அங்க இருக்கிற தானியக் கிடங்குலதான். பிறகு போரைத் தொடங்கின பாதிரியார் இதால்கோ உட்பட நாலு தலைவர்களோட தலையை அதே கட்டடத்து நாலு மூலையிலயும் பத்து வருஷம் தொங்கவிட்டாங்க. ஆனா பஸ்ல அஞ்சு மணி நேரம் ஆகும், ஊர் முழுக்க படிக்கட்டு. முழங்கால் வலின்னா யோசிச்சுக்கோங்க.

மோலே_அக்கா:
தம்பி, அம்மாவோட முழங்காலுக்குப் புவேப்லாதான் சரி. நான் அங்க மூணு வருஷம் குடியிருந்தேன். வீட்டுக்காரருக்குக் கார் பாகம் செய்யற கம்பெனியில வேலை. (ஃபோக்ஸ்வாகனோட பழைய வண்டுக் கார், பீட்டில், ஞாபகம் இருக்கா? அந்தப் பழைய மாடல்ல உலகத்துலயே கடைசி வண்டு 2003 ஜூலையில இந்த ஊர் ஃபேக்டரியிலிருந்துதான் வெளிய வந்துச்சு.)

ஊர் சமதரை. ஏற்கெனவே இருந்த ஊரை இடிச்சு அதுமேல கட்டாம, 1531ல வெறும் நிலத்துல கோடு போட்டு ஸ்பானியர் குடியேற்றம்னே உருவாக்கினாங்க. வெராக்ரூஸ் துறைமுகத்துலயிருந்து தலைநகரம் போற வழியில ஒரு தங்கல். அதனாலதான் தெரு எல்லாம் சதுரங்கக் கட்டம் மாதிரி நேரா போகும். பேருக்குப் பதில் நம்பர். ஒத்தைப்படை ஒரு பக்கம், ரெட்டைப்படை மறுபக்கம். முதல் வாரம் குழம்பும், ரெண்டாவது வாரம் கண்ணை மூடிட்டுப் போகலாம்.

காலையில போய் ராத்திரி திரும்பாதீங்க. பஸ் ரெண்டு மணி நேரம்தான், ஆனா மெக்சிகோ சிட்டி எல்லையைத் தாண்டவே பாதி உயிர் போயிடும். சனிக்கிழமை காலையில கிளம்பிப் போய் ரெண்டு ராத்திரி தங்குங்க. திங்கள் முக்காவாசி மியூசியம் மூடியிருக்கும், அன்னைக்குத் திரும்பிடலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, ஏறக்குறைய ஊட்டி உயரம்.

சர்ச் தவிர என்னன்னு கேட்டீங்க. கதீட்ரலுக்குப் பக்கத்துக் கட்டடத்துல மாடி ஏறினா பாலஃபாக்ஸ் நூலகம். 1646ல பாலஃபாக்ஸ்ங்கிற பிஷப் தன்னோட 5,000 புத்தகத்தைக் குடுத்து, படிக்கத் தெரிஞ்ச யார் வேணும்னாலும் வரலாம்னு சொல்லிட்டார். இப்ப 45,000க்கு மேல இருக்கு. மூணு அடுக்கு மர அலமாரி, உள்ள நுழைஞ்சதுமே பழைய காகித வாசனை. எங்க அப்பா லைப்ரரியில வேலை பார்த்தவர். அவர் வந்தப்ப அந்தப் பெஞ்சுல அரை மணி நேரம் வாய் திறக்காம உட்கார்ந்திருந்தார்.

சர்ச்சுல ஒண்ணே ஒண்ணு பார்க்கிறதுன்னா சாந்தோ தொமிங்கோ கோயிலுக்குள்ள இருக்கிற ஜெபமாலைச் சிற்றாலயம், 1690. சுவர், கூரை எல்லாம் சுதை வேலை, மேல தங்கத் தகடு. எனக்குக் கொஞ்சம் திகட்டுச்சு. அம்மாவுக்குப் பிடிக்கும்.

அப்புறம் 6 கிழக்குத் தெரு. முழுக்க மிட்டாய்க் கடை. சர்க்கரைவள்ளிக் கிழங்குல செஞ்சு காகிதத்துல சுத்தின மிட்டாய் வாங்குங்க. அதே தெருவுல ஒரு வீட்டு முகப்புல துப்பாக்கிக் குண்டுத் துளை இன்னும் இருக்கும். புரட்சிக்குத் தயாரான செர்தான் குடும்பத்து வீடு. மெக்சிகோ புரட்சி 1910 நவம்பர் 20ன்னு நாள் குறிச்சிருந்தாங்க. விஷயம் கசிஞ்சு 18ஆம் தேதியே போலீஸ் வந்துட்டாங்க. அக்கா கார்மென் துப்பாக்கியோட பால்கனிக்கு வந்து நின்னாங்க. தம்பி அக்கிலெஸ் தரைக்கடியில ஒளிஞ்சிருந்தார், வெளிய வந்தப்ப அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. இப்ப மியூசியம். நீங்க நவம்பர்ல போறீங்க, கட்டாயம் பாருங்க.

மே 5ஐ மெக்சிகோ சுதந்திர தினம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது 1862ல பிரெஞ்சுப் படையை இந்த ஊர்ல தோற்கடிச்ச நாள். அடுத்த வருஷமே பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து ஊரைப் பிடிச்சுட்டாங்க, அதை யாரும் கொண்டாடறதில்லை.

இந்த ஊர் பூ வேலைப் பீங்கான் தலவேரா வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்க, பட்டறை அடையாளம் இருக்கணும். நான் சந்தையில மலிவா ஒரு கிண்ணம் வாங்கி வந்து புளிக்காய்ச்சல் போட்டு வெச்சேன். ஒரு மாசத்துல நீலப் பூவெல்லாம் குழம்போட போச்சு.

ஊர்சுத்தி_செந்தில்:
அக்கா, ரொம்ப நன்றி! அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "சாப்பாடு என்னடா?"ன்னு ஒரே கேள்வி. இன்னொண்ணு, அங்க ஒரு இந்தியப் பெண்ணோட கல்லறை இருக்குன்னு எங்கயோ கேள்விப்பட்டேன். உண்மையா?

மோலே_அக்கா:
உண்மை. அதை முதல்லயே எழுதியிருக்கணும், மிட்டாய்ல மறந்துட்டேன்.

அவங்க பேரு மிர்ரான்னு சொல்றாங்க, மொகலாய நாட்டுப் பொண்ணு. போர்த்துகீசியக் கடற்கொள்ளையர் சின்ன வயசுல பிடிச்சுட்டுப் போய், கொச்சியில ஞானஸ்நானம் குடுத்து கத்தரீனா ஆக்கினாங்க. அங்கிருந்து பிலிப்பைன்ஸ்ல மணிலா, மணிலாக் கப்பல்ல மெக்சிகோவோட அகாபுல்கோ துறைமுகம், கடைசியில புவேப்லாவுல ஒரு வணிகர் வீட்டுக்கு அடிமை. அந்தக் காலத்துல அங்க ஆசியாவுலயிருந்து வந்தா எல்லாருமே 'சீனா'தான். அதனால இவங்களும் சீனப் பொண்ணு! பின்னாடி விடுதலை கிடைச்சு, தரிசனம் காண்கிறவங்கன்னு ஊரே கும்பிட்டுச்சு. 1688ல இறந்தப்ப ஏசு சபைக் கோயில்ல அடக்கம் செஞ்சாங்க. ஒரு பாதிரியார் மூணு பாகமா அவங்க வரலாறு எழுத, மதவிசாரணை மன்றம் அதைத் தடை பண்ணிடுச்சு.

ஊர்ல 'சீனா பொப்லானா' (புவேப்லாவோட சீனப் பொண்ணு)ன்னு ஜிகினா பாவாடை போட்ட பொம்மை விப்பாங்க, அது இவங்கதான்னும் சொல்வாங்க. அந்த உடை ரொம்பப் பிற்காலத்துது. இவங்க போட்டது சாதாரண முரட்டுத் துணி. அந்தப் பொம்மையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

சாப்பாட்டுக்கு: மோலேங்கிறது மிளகாய், எள்ளு, பாதாம், பட்டை, கிராம்பு, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் வறுத்து அரைச்ச குழம்பு. வாசனைக்கு அம்மா மயங்கிடுவாங்க, ஆனா கோழி சாறுலதான் கரைப்பாங்க, வேண்டாம். பீன்ஸ்லயும் பன்றிக் கொழுப்பு இருக்கும். "சின் கார்னே, சின் மன்தேகா, சின் வேவோ"ன்னு மனப்பாடம் பண்ணிக்கோங்க: கறி, கொழுப்பு, முட்டை வேண்டாம். பூசணிப்பூ வெச்சு மடிச்ச ரொட்டி, கெசதியா கேளுங்க, அவகாடோ எங்கயும் கிடைக்கும். ஊறுகாய் பாட்டில் ஒண்ணு பெட்டியில இருக்கட்டும்.

கல்லறை கோயிலுக்குப் பின்னால, பாதிரியார் உடை மாத்தற அறைப் பக்கம். நான் போனப்ப கதவு பூட்டியிருந்துச்சு. பெருக்கிட்டிருந்த பாட்டிகிட்ட "கத்தரீனா"ன்னு மட்டும் சொன்னேன். என் பொட்டைப் பார்த்தாங்க, "இந்தியா?"ன்னு கேட்டாங்க, சாவி எடுத்துட்டு வந்தாங்க. அம்மாவைப் பொட்டோட கூட்டிட்டுப் போங்க.