வீட்டுச் சாப்பாடா, கடைச் சாப்பாடா: மனதில் நிற்கும் ஒரு சாப்பாட்டைச் சொல்லுங்கள்

உவர்மலைப் பிள்ளை:

மூன்று வாரமாக இது மனதைக் குடைகிறது. எழுதினால் குறையுமா என்று பார்க்கிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. கை நடுக்கம் வந்தபிறகு குசினிப் பக்கம் போவதில்லை. நான் வேலைக்குப் போகிறவன், வீட்டில் வேறு ஆளில்லை, அதனால் மதியம் பார்சல்தான். சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஒரு கீரை, சம்பல், அப்பளம். திருகோணமலையில் எல்லோருக்கும் தெரிந்த பார்சல். அன்றைக்கு லஞ்ச் ஷீட்டை விரித்து அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டதும் கை நின்றுவிட்டது. நானும் தொட்டுப் பார்த்தேன். குழம்பில் புளியின் பச்சை மணம் போகவில்லை. எனக்குக் கோபம், கடைக்குப் போன் எடுக்கப் போனேன்.

"விடு தம்பி. யாரோ பாவம், அவசரத்தில சமைச்சிருக்கு. இரவு நித்திரை இல்லாத ஆள் போல" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

2002இல் போர் நிறுத்தம் வந்து சமாதானமானபோது எனக்கு 28 வயது. இரவில் பயமில்லாமல் டவுனில் நிற்கலாம் என்பதே புதிதாக இருந்த காலம். நாங்கள் நாலைந்து பேர் கொத்து ரொட்டி சாப்பிடாமல் வீடு திரும்பிய இரவு குறைவு. தகரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே பசிக்கும். வீட்டுக்கு வந்தால் அம்மா பிட்டு அவித்து, அவித்த ஓலை நீத்துப்பெட்டியோடு மூடி வைத்திருப்பார். பக்கத்தில் பாரை மீன் சொதி. "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் அந்த ஆறின பிட்டை அம்மா வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

முகம் தெரியாத ஒருவரின் களைப்பு அம்மாவுக்கு ஒரு வாய்க் குழம்பில் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்குள் இருந்த களைப்பு எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.


கிண்ணியா மச்சான்:

வீட்டுச் சாப்பாடு என்றாலே உயர்த்தி, கடை என்றாலே தாழ்த்தி எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு கடைச் சாப்பாடு.

கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலம். 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, தண்ணீரைக் கடந்து, பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். எனக்கு ஒன்பது வயது, கண்ணாடி எடுக்க வாப்பா கூட்டிப் போனார். திரும்பும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. வீச்சு ரொட்டியும் இறைச்சிக் கறியும். வாப்பா ரொட்டியைக் கிழித்துக் கிழித்து என் பக்கம் வைத்தார். தன் தட்டில் இருந்த இறைச்சித் துண்டுகளையும் ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார். தான் கறியை மட்டும் தொட்டுச் சாப்பிட்டார். கண்ணாடி புதிது, ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வாப்பா அதைக் கழற்றித் தன் சாரத்தில் துடைத்து மாட்டிவிட்டார்.

அவர் கடலுக்குப் போகிறவர். நாங்கள் எழும்பும்போது இருக்க மாட்டார், வரும்போது நாங்கள் நித்திரை. நானும் அவரும் நேருக்கு நேர் இருந்து சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான். உம்மாவின் மட்டிக் கறிக்கு இணை கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் வாப்பாவின் முகத்தை நினைத்தால் அந்தக் கடையின் மணம்தான் வருகிறது. 2009இல் பாலம் திறந்த பிறகு டவுனுக்குப் போவதும் வருவதும் சுலபம். என் பிள்ளைகளுக்கு வழியில் பசிப்பதே இல்லை.


அன்புவழிபுரம் டீச்சரின் மகள்:

இரண்டு பேர் எழுதியதையும் வாசித்தேன். கிண்ணியா மச்சானிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்களும் வாப்பாவும் இறைச்சிக் கறி சாப்பிட்ட அன்று உம்மா வீட்டில் என்ன சாப்பிட்டார்? குற்றமாகக் கேட்கவில்லை. என் அம்மாவைப் பற்றியும் இந்தக் கேள்வியை நான் கேட்காமலே 30 வயது வரை இருந்துவிட்டேன்.

அம்மா 34 வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். விடிய நாலு மணிக்கு எழும்பித் தேங்காய் துருவும் சத்தம்தான் எங்கள் வீட்டு அலாரம். இடியப்பம், சொதி, சம்பல், அப்புறம் மதியத்துக்கும் சேர்த்துச் சோறு கறி, அப்புறம் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டம். 2022இல் காஸ் இல்லாத மாதங்களில் பின்வளவில் மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தார். நாங்கள் எல்லோரும் "விறகடுப்புச் சமையல் தனி ருசி" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டோம். அம்மாவின் கண் சிவந்திருந்ததை யாரும் பேசவில்லை.

ஓய்வு பெற்ற அன்று அம்மாவை உப்புவெளியில் கடற்கரையோரமாக ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனோம். சோறும் நண்டுக் கறியும் மேசைக்கு வந்தன. அம்மா எழுந்து நின்று, என் தட்டை எடுத்துச் சோறு போடத் தொடங்கிவிட்டார். பரிமாறிய தம்பி ஓடிவந்து, "அம்மா நீங்க இருங்கோ, நான் போடுறன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். அம்மா உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் இருந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சோறு சுடுது" என்றார். நான் ஆற வைக்கவா என்று கேட்டேன். "வேண்டாம், சுடச்சுடச் சாப்பிட்டு எத்தனை வருசம்" என்றார்.

நண்டு சுமார்தான். அம்மாவின் கறிக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் மாதம் ஒருநாள் கூட்டிப் போகிறேன்.


திருக்கடலூரான்:

என் கதை சின்னது. 17 வயதில் நிலாவெளிப் பக்கம் மீனவர் வாடியில் (கரையோரக் கொட்டிலில்) தங்கித் தொழில் செய்தேன். அங்கே பெண்கள் இல்லை, ஆண்கள்தான் சமையல். கையில் மூன்று விரல் மட்டும் உள்ள ஒரு பெரியவர் சொதி வைப்பார். சட்டியை அடுப்பால் இறக்கி மணலில் வைத்த பிறகுதான் முதற்பாலை விடுவார். அந்த நேரத்தில் யாரையும் பேச விட மாட்டார். அப்படி ஒரு சொதியை அதன்பிறகு நான் குடிக்கவில்லை.

உவர்மலைப் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கோபிக்க வேண்டாம். கை நடுக்கம் அம்மாவுக்கு, உங்களுக்கு இல்லை. ஒரு சொதி வைக்க அரை மணித்தியாலம் போதும், கேளுங்கள்.

மீன் விடியற்காலையில் கரையிலேயே வாங்குங்கள். சொதிக்கு விளைமீன், பாரை நல்லது. சூரை வேண்டாம், அது இரத்தம் கூடிய மீன், சொதியைக் கறுக்கப் பண்ணும், புளி போட்ட குழம்புக்குத்தான் சரி. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போயிருந்தால் விட்டுவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் கடல் அடிக்கும், மீன் குறையும், விலை ஏறும். அப்போது முட்டை அவித்துப் போட்டோ, வெறும் தக்காளி போட்டோ வையுங்கள். ஒருநாள் மீன் இல்லை என்பதற்காகப் பார்சலுக்கு ஓட வேண்டாம்.

அரை மூடித் தேங்காய் போதும். முதல் பிழிந்த தடித்த பாலை வேறாக எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் நாலு, கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டுக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் வெந்ததும் மீன். மீனைப் போட்ட பிறகு கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். மீன் வெந்ததும் நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். முதற்பால் தளதளவென்று கொதித்தால் திரைந்துவிடும். தேசிக்காய் (எலுமிச்சை) புளி இறக்கிச் சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டாலும் திரையும். பெட்டித் தேங்காய்ப் பால்மா கரைத்து ஊற்றுவதென்றால் சொதியே வைக்க வேண்டாம்.

வயது போனவர்களுக்கு நாக்கில் ருசி குறையும், அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள். தேசிக்காயைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுங்கும் கைக்குக் குழியான கோப்பையும் பெரிய கரண்டியும் கொடுங்கள். பிட்டைச் சொதியில் ஊற வைத்துக் கொடுத்தால் சிந்தாது.


மூதூரில் இருந்து:

2006 ஆகஸ்ட். சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்டு நடந்தோம். கந்தளாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கிடாரத்தில் சமைத்த சோறும் பருப்பும் வரும். அதை வீட்டுச் சாப்பாடு என்பதா, கடைச் சாப்பாடு என்பதா? நாலாம் நாள் ஒரு சிங்கள அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பாஷை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரு சட்டித் தயிரும், தாளில் சுற்றிய சீனியும். மகள் ஐந்து விரலாலும் அள்ளிச் சாப்பிட்டாள். சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், ஆளைக் காணவில்லை.

கந்தளாய் வழியாகப் போகும்போதெல்லாம் ரோட்டோரம் தயிர்ச் சட்டி அடுக்கியிருக்கும் கடைகளில் இறங்குவேன். அந்தச் சட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் பாக்கு வைத்திருக்கிறோம்.


சாம்பல்தீவான், ரொறன்ரோ:

திருக்கடலூரான் அண்ணை, இங்கே விளைமீனுக்கு எங்கே போவது? உறைந்த மீனும் டின் பாலும்தான். அதை வைத்துத்தான் 30 வருடமாகச் சொதி வைக்கிறோம். என் பிள்ளைகளுக்கு அதுதான் அம்மாவின் சொதி. பால்மா என்றால் வைக்கவே வேண்டாம் என்று ஒரே வெட்டாகச் சொல்லாதீர்கள்.

எனக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொன்று பிடித்தது. சின்னதில் சீனிச் சம்பலும் பாணும். பள்ளிக்கூடத்தில் ரோல்ஸ். இங்கே வந்த புதிதில் பெட்டிக் கோழிப் பொரியல் தவிர எதுவும் வேண்டாம். 50 தாண்டியதும் திரும்பவும் அம்மம்மாவின் சுறா வறைதான் வேண்டும் என்று நாக்கு அடம்பிடிக்கிறது. 1990இல் விட்டுவிட்டு வந்த வீடு. அம்மம்மாவும் இல்லை, குசினி இருந்த இடத்தில் இப்போது நாயுருவி.

2018இல் போனேன். தங்கிய ஹோட்டலின் சாப்பாட்டு அட்டையில் பாஸ்தா இருந்தது, பீட்சா இருந்தது, சுறா வறை இல்லை. ஒரு மத்தியானம் கை கழுவப் பின்பக்கம் போனபோது அந்த மணம். தேங்காய்ப்பூவும் மிளகும் சீரகமும் சுறாவோடு சேர்ந்து வறுபடும் மணம். வேலைக்காரப் பிள்ளைகள் ஆறேழு பேர் நிலத்தில் வட்டமாக இருந்து சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றுவிட்டேன். குச்சவெளிப் பையன் ஒருவன் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டான். "அம்மம்மா சொல்லித் தந்தது ஐயா" என்றான். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பணம் கொடுத்தபோது ஒருவரும் வாங்கவில்லை. இவ்வளவு நல்ல சமையலைப் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்பக்கத்தில் ஏன் பாஸ்தா விற்கிறார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.


கிண்ணியா மச்சான்:

டீச்சரின் மகளுக்கு. நீங்கள் கேட்டது என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. உம்மா மௌத்தாகி ஆறு வருடம், அதனால் ராத்தாவிடம் (அக்காவிடம்) கேட்டேன். அவவுக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் வாப்பாவும் டவுனுக்குப் போன அன்று உம்மா அடுப்பே மூட்டவில்லையாம். பழஞ்சோறும் மாசிச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, ராத்தாவின் தலையைப் பின்னிவிட்டு, பகலிலேயே பாய் போட்டுப் படுத்தாராம். உம்மா பகலில் படுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன் என்கிறார் ராத்தா.


உவர்மலைப் பிள்ளை:

திருக்கடலூரான் சொன்னபடி நேற்று விடியக் கரைக்குப் போய்ப் பாரை வாங்கினேன். பிட்டு அவிக்கத் தெரியாது, அதனால் இடியப்பம் கடையில். சொதி மட்டும் நான். முதற்பாலை விட்ட நேரம் போன் அடித்தது, பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கொதித்துத் திரைந்துவிட்டது. அம்மா குழியான கோப்பையில் சாப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். "வெந்தயம் கைக்குது" என்றார், பிறகு இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

வெந்தயம் எவ்வளவு என்று நீங்கள் அளவு எழுதவில்லையே அண்ணை. நான் ஒரு மேசைக்கரண்டி போட்டேன்.


திருக்கடலூரான்:

அரைத் தேக்கரண்டி. போனை வேறு அறையில் வையுங்கள்.