பெட்ஃபோர்ட் கால்வாய்ச் சோதனை: தட்டைப் பூமிக்கு ஆள் சேர்த்தது கண்ணா, வேதமா?

கோணமானி:
தட்டைப் பூமி நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க முடியாது. 1838இல் இங்கிலாந்தின் பழைய பெட்ஃபோர்ட் கால்வாயில் இறங்கிய சாமுவேல் ரோபாதம், நீர்மட்டத்துக்கு 8 அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்தார். சில அடி உயரமே இருந்த படகுக்கொடி 6 மைல் வரை மறையவில்லை என்றார். யார் பேச்சையும் கேட்காதே, நீயே பார் என்ற அழைப்புதான் ஆள் சேர்த்தது.

நிழற்கோல்:
கணக்கையும் போடுங்க சார். கண் 8 அங்குலத்துல இருந்தா அடிவானம் 1 மைல்ல. அதுக்கு அப்புறம் மைலை மைலால பெருக்கி, 8 அங்குலத்தால பெருக்கினா வளைவால மறையற உயரம். மீதி 5 மைலுக்கு 5 × 5 × 8 = 200 அங்குலம், அதாவது 16 அடிக்கு மேல மறையணும். ஆனா இது காத்தே இல்லாத உலகத்துக் கணக்கு. குளிர்ந்த தண்ணி மேல வெப்பம் மீட்டருக்கு 0.13 டிகிரி செல்சியஸ் கூடிட்டே போனா, ஒளிக்கதிரும் பூமி அளவுக்கே வளையும். ஒரு சாண்கூட இல்லாத உயரத்துல வெச்சுப் பாத்தா வேற என்ன தெரியும்?

கரைமேடு:
கண்ணை நம்பினார்கள் என்பதே பசப்பு. 1870இல், பூமி உருண்டை என்று யாராலும் காட்ட முடியாது என 500 பவுண்டு பந்தயம் கட்டிய ஜான் ஹாம்ப்டன் விவிலியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவர். பந்தயத்தை ஏற்ற இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதே கால்வாயில் பார்வைக்கோட்டை 13 அடிக்கு உயர்த்தி, நடுவிலும் தூரத்து முனையிலும் அதே உயரத்தில் குறி வைத்தார். நடுக்குறி தூரத்துக் குறிக்கு மேலே தெரிந்தது; பூமி வளைந்திருந்தால்தான் அப்படித் தெரியும். ஒப்புக்கொண்டார்களா? வாலஸை ஏசி ஏசியே ஹாம்ப்டன் சிறைக்குப் போனார்.

கோணமானி:
ஹாம்ப்டன் தரப்பு நடுவர் கார்ப்பென்டரின் வாதத்தை விட்டுவிட்டீர்களே. மட்டம் பார்த்த தொலைநோக்கியில், நேர்மட்டத்தைக் காட்டும் குறுக்குக்கம்பி, நடுக்குறி, தூரக்குறி மூன்றும் சம இடைவெளியில் தெரிந்தன. ஆகவே நேர்கோடு என்றார். கேட்டால் சரிபோலத்தான் இருக்கும்.

நிழற்கோல்:
அங்கதான் மாட்டினார். உருண்டையா இருந்தா நடுக்குறி 3 மைல்ல 6 அடி, தூரக்குறி 6 மைல்ல 24 அடி கீழ இறங்கும். தூரம் கூடக்கூட எதுவும் சின்னதாத் தெரியும், அதனால தூரத்தால வகுத்தா 2, 4. உருண்டையிலதான் சம இடைவெளி வரும்! தட்டையா இருந்தா ரெண்டு குறியும் குறுக்குக்கம்பியோட ஒட்டியே நின்னிருக்கும்.

கரைமேடு:
இதை விளக்கியும் அவர்கள் அசையவில்லை என்பதுதான் என் கட்சி. போதாததற்குப் பந்தயமே சட்டப்படி செல்லாது என்றாகி, ஹாம்ப்டன் தன் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நிழற்கோல்:
செஞ்சு பாக்க நினைக்கிறவங்க மூணு கம்பத்தையும் தண்ணியிலிருந்து 4 மீட்டருக்குக் குறையாம ஒரே உயரத்துல நடுங்க. மேகமும் லேசான காத்தும் இருக்கற நாள் நல்லது. நடுக்கம்பம் இல்லாம எடுத்த போட்டோவை மட்டும் இங்க போடாதீங்க.