மழைக்குப் பின் கண்காணிப்புக் கிணற்றில் பெட்ரோல் படலத்தைக் காணவில்லை: மாசு நீங்கிவிட்டதா?

கேட்டவர் (பிறை, பினாங்கு):
வணக்கம். மூடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தின் வளாகத்தில், நிலத்தடி நீரைச் சோதிக்கக் குழாய் இறக்கிய நான்கு கண்காணிப்புக் கிணறுகளை மூன்று மாதத்திற்கு ஒருமுறை அளந்து வருகிறேன். நிலத்தடித் தொட்டிக்கு அருகிலுள்ள மூன்றாம் கிணற்றில், பிப்ரவரி வறட்சியின்போது, குழாய் விளிம்பிலிருந்து 2.31 மீட்டரில் பெட்ரோலும் 2.49 மீட்டரில் நீரும் தென்பட்டன. அதாவது 18 சென்டிமீட்டர் படலம். மாதிரி மொள்ளும் கண்ணாடி போன்ற குழாயான பெய்லரைத் தூக்கிப் பார்த்தபோது, வெளிர் மஞ்சளாக அது நீருக்கு மேல் தனித்து நின்றது. அக்டோபர் மழையில் நீர்மட்டம் 1.42 மீட்டருக்கு ஏறிவிட்டது. இப்போது படலம் அறவே இல்லை. ஆனால் ஆய்வுக்கூட அறிக்கையில், பெட்ரோலிலிருந்து நீரில் கரையும் நச்சுப்பொருளான பென்சீன் லிட்டருக்கு 3.8 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. கண்காணிப்பை முடித்துக்கொள்ளலாம் என்கிறார் நில உரிமையாளர். வேலிக்கு அப்பால் ஓர் அம்மா கிணற்று நீரை இறைத்துத் துளசிக்கும் மல்லிகைக்கும் ஊற்றுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்; எனக்குக் கையெழுத்திட மனம் வரவில்லை. கருவியில் பழுதா?

மறுமொழி (ஜார்ஜ் டவுன்):
தம்பி, கருவியைச் சந்தேகிக்குமுன் கிணறு தோண்டியபோது எழுதிய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். துளையிட்ட குழாய் எந்த ஆழத்தில் தொடங்குகிறது? பெட்ரோல் நீரைவிட இலேசானது. நீர்மட்டத்தின் மேல்தான் மிதக்கும். நீர்மட்டம் துளைகளுக்கு மேலே ஏறி, துளையில்லாத குழாய்ப் பகுதிக்குள் போய்விட்டால், மண்ணில் மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள் நுழைய வழியே இருக்காது. அதோடு, நீர் ஏறும்போது எண்ணெயின் ஒரு பகுதி மண் இடுக்குகளில் துளித்துளியாகச் சிக்கிக்கொள்ளும். வறட்சியில் நீர் இறங்கியதும் மறுபடி வடிந்து கிணற்றில் சேரும். மழைக்காலத்தில் மறைந்து வறட்சியில் திரும்பும் படலத்தை நான் பலமுறை அளந்திருக்கிறேன்.

அந்த 18 சென்டிமீட்டரையும் மண்ணிலுள்ள உண்மையான தடிமனாகக் கொள்ள வேண்டாம். களிமண் கலந்த நிலத்தில் கிணற்றுக்குள் தெரியும் படலம் மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு தடித்துக் காட்டும். பிப்ரவரி நீர்மட்டத்தையும் திருத்த வேண்டும்: பெட்ரோலின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சுமார் 0.74 என்றால், 0.18 மீட்டரை அதனால் பெருக்கி 2.49இலிருந்து கழியுங்கள், 2.36 மீட்டர் வரும். திருத்தாமல் வரைந்த நிலத்தடி நீரோட்டப் படம் திசையையே தவறாகக் காட்டக்கூடும். அந்த அம்மாவின் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே இங்கே முதன்மையான கேள்வி என்பதால், இதில் கவனக்குறைவு கூடாது.

பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் முடிவு அதைப்போல் 380 மடங்கு. கரைந்துகொண்டே இருக்கும் மூலம் அருகில் இருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

மறுமொழி (பட்டர்வொர்த்):
கடலோரமாக இருந்தால் ஏற்றவற்றமும் நீர்மட்டத்தை அசைக்கும். நான்கு கிணறுகளையும் ஒரே மணி நேரத்திற்குள் அளந்துவிடுங்கள். மாதிரியைப் பெய்லரால் கலக்கி எடுக்காமல், நிமிடத்திற்கு அரை லிட்டருக்கு மிகாமல் மெதுவாக இறைத்து எடுப்பது நல்லது. 40 மில்லிலிட்டர் குப்பியை நிறைத்து மூடி, தலைகீழாகக் கவிழ்த்து நகத்தால் தட்டிப் பாருங்கள். குமிழி ஒன்று மேலே ஓடினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஆவியாகிப் போய்விடும்.

கேட்டவர்:
ஐயா இருவருக்கும் நன்றி. பதிவேடு கிடைத்துவிட்டது: துளைகள் 2 மீட்டரில்தான் தொடங்குகின்றன. அக்டோபர் நீர்மட்டம் அதற்கு அரை மீட்டருக்கும் மேலே நின்றிருக்கிறது. துளைகள் 0.8 மீட்டரிலிருந்து தொடங்குமாறு பக்கத்திலேயே இன்னொரு கிணறு தோண்டும்படி உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். வேலிக்கு அப்பாலுள்ள கிணற்று நீரையும் பரிசோதனைக்கு எடுக்க அந்த அம்மா சம்மதித்துவிட்டார். முடிவு வரும்வரை அதைச் செடிகளுக்கும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.